ஒற்றைக் காதில் பதிந்த கிற்றார்

வீட்டில் கிற்றார் பதிவதற்கு வால்வ் அம்ப் நல்லதா, டிஜிட்டல் பெட்டி நல்லதா என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்டு வருவார்கள். எல்லாரும் சத்தத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வால்வில் ஒரு சூடு உண்டாமே, டிஜிட்டலில் அது வராதாமே என்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். உங்கள் வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று முழிப்பார்கள். நானும் ஐந்து வருஷம் அப்படி முழித்தவன்தான்.

எங்கள் வீடு பெரியகல்லாற்றில், பிரதான வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் வீடு என்பது வாய்ப்பழக்கம். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். என் மனைவிக்குச் சீதனமாக எழுதிய வீடு அது. ஒரு சூட்கேசையும் ஒரு கிற்றாரையும் கொண்டு நான் அங்கே குடிபோனேன். அவளுடைய தாயான மாமியும் எங்களோடு இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டு வந்து பின்னேரங்களில் வாசிப்பேன். சொந்தமாக எட்டு மெட்டுகள் உண்டாக்கி வைத்திருந்தேன். அந்த எட்டையும் ஒழுங்காகப் பதிந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. பெரிய ஆசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதலில் இருந்தது வால்வ் அம்ப், கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கித் தருகிற பெட்டி. மட்டக்களப்பு டவுனில் ரேடியோ திருத்துகிற பறங்கிக்காரர் ஒருவர், மூடிப்போன படமாளிகையிலிருந்து கழற்றிய வால்வுகளை வைத்து எனக்குக் கட்டித் தந்தது. தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும். வால்வுகள் சூடாகிச் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும். பொழுதுபட்டு ஊரெல்லாம் லைற் போட்டால் கரண்ட் இறங்கும், அம்பின் குரலும் கம்மிப்போகும். இதெல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத குணம் ஒன்று இருந்தது. குமிழை மூன்றில் வைத்தால் நுளம்பு மாதிரி முனகும். ஏழுக்குத் திருப்பினால்தான் வாயைத் திறந்து பேசும். அது பேசத் தொடங்கினால் வீதிமுனை வரைக்கும் கேட்கும். வீதிமுனையில் இராணுவ முகாம் இருந்தது.

ஒருநாள் துவக்கோடு இரண்டு பேர் வந்தார்கள். பெட்டிக்குள் சிவப்பாக எரிகிற வால்வுகளைக் குனிந்து பார்த்துவிட்டு, இது செய்தி அனுப்புகிற மெஷினா என்று கேட்டார்கள். கிற்றார் அம்ப் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். நம்பவில்லை. சிங்களவர் ஆடிப் பாடுகிற பைலா மெட்டு ஒன்றை வாசித்துக் காட்டினேன். ஒருவன் காலால் தாளம் போட்டான். அதோடு விடுவார்கள் என்று பார்த்தால், அடுத்த கிழமையும் வந்தார்கள். அதற்கடுத்த கிழமை வேறு இரண்டு பேர், பைலாவைத் திரும்பவும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதாயிற்று. என்னுடைய எட்டு மெட்டில் ஒன்றைக்கூட முழுதாகப் பதிய முடியவில்லை. வெறுத்துப்போய் அம்பை டவுனில் அந்தப் பறங்கிக்காரரிடமே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் டிஜிட்டல் பெட்டி வந்தது. காத்தான்குடியில் மின்சாமான் கடை வைத்திருக்கிற நண்பர் டுபாயிலிருந்து எடுப்பித்துத் தந்தார். சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு விதமான அம்புகளின் சத்தத்தைக் கணக்குப் போட்டு உண்டாக்கித் தரும், வாசிப்பதைப் பதிந்தும் வைக்கும். கிற்றாரையும் ஹெட்போனையும் அதில் செருகிவிட்டால், காதுக்குள் பெரிய மண்டபம் ஒன்றில் வாசிப்பதுபோல் இருக்கும். வெளியே ஒரு குருவிக்கும் கேட்காது. முகாமுக்கும் கேட்காது. எல்லாரையும்விட மாமிக்குத்தான் சந்தோஷம். மருமகன் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை என்று அயலாரிடம் பகிடி பண்ணுவார்.

2004ஆம் ஆண்டு டிசம்பர், நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மூன்றாவது மெட்டைப் பதிந்துகொண்டிருந்தேன். மனைவி ஓடிவந்து ஹெட்போனைப் பிடுங்கினாள். என் வாயிலிருந்து வந்த முதல் சொல் ஏச்சு. நல்லாக வந்த பதிவைப் பழுதாக்கிவிட்டாய் என்று ஏசினேன். அவள் கையைப் பிடித்து இழுத்தாள். முற்றத்துக்கு வந்தபோது கடல் மதிலுக்கு மேலால் வந்துகொண்டிருந்தது. மாமரத்தில் தொற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் தப்பினோம். மாமியை மறுநாள் வாவிக்கரையில் கண்டெடுத்தார்கள். சனங்களோடு சேர்ந்து முன்னால் ஓடியிருப்பார், தண்ணீர் துரத்திப் பிடித்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றி மனைவி வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து வீட்டைத் திருத்திக்கொண்டு திரும்பினோம். பழைய பெட்டி உப்புத் தண்ணீரில் செத்துப்போயிருந்ததால், அதே நண்பரிடம் சொல்லி இன்னொன்று எடுப்பித்தேன். அதைச் செருகி ஹெட்போனைத் தூக்கியபோது மனைவி வாசலில் நின்றாள். இந்த வீட்டில் இனி யாரும் இரண்டு காதையும் மூடக்கூடாது என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வீடு அவளுடையது, நியாயமும் அவள் பக்கம். நான் தலையாட்டினேன்.

அன்று தொடங்கி ஒரு காதில் ஹெட்போன், மற்றக் காது திறந்தபடி. அந்த நாட்களில் எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். குளிக்கும்போதுகூடக் கடல் பக்கம் ஒரு காது இருக்கும். 2006இல் சண்டை திரும்பவும் தொடங்கியது. வாவிக்கு அங்கால் படுவான்கரையில் செல் குண்டுகள் விழுகிற சத்தம் கேட்டது. பழுகாமத்திலிருந்து சனங்கள் உடுத்த உடுப்போடு வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். காது இரண்டும் போதாத காலம் அது. அதனால் நானும் முணுமுணுக்காமல் ஒற்றைக் காதில் வாசித்தேன்.

இரண்டு வருஷம் பாடுபட்டு எட்டு மெட்டையும் பதிந்து முடித்தேன். டவுனில் நல்ல ஸ்பீக்கர் வைத்திருந்த சக ஆசிரியர் ஒருவர் வீட்டில் போட்டுக் கேட்டோம். அவர் முதல் மெட்டு முடியும்வரை கேட்டுவிட்டு, உங்களுக்கு வலது காது கேட்காதா சேர் என்று மரியாதையாகக் கேட்டார். இடது ஸ்பீக்கரில் எல்லாம் அளவாக இருந்தது. வலது ஸ்பீக்கரில் யாரோ தகரம் தட்டுவதுபோல் ஒரே இரைச்சல். இரண்டு வருஷமாக இடது காதில் மட்டும் கேட்டுக் கேட்டுப் பதிந்ததில், வலப் பக்கம் என்ன நடக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. எட்டும் பாழ். கணக்கு வாத்தியார் ஒருவன் பாதித் தரவை வைத்துக்கொண்டு விடை எழுதியிருக்கிறான்.

கோபத்தை யார்மேல் காட்டுவது? கடல்மேலும் காட்ட முடியாது, செல்மேலும் காட்ட முடியாது. மனைவிமேல் காட்டினேன். வாயால் இல்லை, முகத்தால். அதைவிட என்னை எரித்தது இன்னொன்று. அவள் சொன்னபடி ஒரு காதைத் திறந்து வைத்திருக்கிறேன், கூப்பிட்டால் கேட்கும். அப்படியிருந்தும் நான் கிற்றாரைத் தொட்டதும் எழும்பிப் பின்வளவுக்குப் போய்விடுவாள். சோறு அடுப்பில் கொதித்தாலும் போய்விடுவாள். நான் நிறுத்திய பிறகுதான் உள்ளே வருவாள். இவ்வளவு விட்டுக்கொடுத்தும் போதாதா என்று மனதுக்குள் அவளோடு சண்டை பிடித்துக்கொண்டே வாசிப்பேன். அப்படி வாசித்தால் எது உருப்படும்?

ரேடியோப் பெட்டியில் செருகிச் சத்தத்தைக் குறைத்து வைத்து வாசித்தால் என்ன என்று காத்தான்குடி நண்பர் கேட்டார். செய்து பார்த்தேன். பிஸ்கட் தகர ரின்னுக்குள் வண்டு அடைபட்டதுபோல் இருந்தது. அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு எது சரி, எது பிழை என்று ஒன்றும் பிடிபடவில்லை. அதையும் விட்டேன்.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்துவிட்டது என்றார்கள். வீதிமுனையில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். சில கிழமைகள் கழித்து ஒரு சனிக்கிழமை எனக்குப் பிடிவாதம் வந்தது. இனி எதற்குக் காவல்? இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, நிமிர்ந்து பார்த்தால் மனைவி வாசலில் நிற்கிறாள். பிடுங்கவில்லை, சும்மா நின்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தேன். கடலும் வராது, செல்லும் வராது, இன்னும் எத்தனை வருஷத்துக்கு இந்தக் காவல் என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை.

“காதுல என்னத்தையும் போடுங்க. எனக்கு அந்தக் கிறுகிறு சத்தம்தான் ஏலாது.”

எனக்கு விளங்கவில்லை. எந்தச் சத்தம் என்று கேட்டேன். கிற்றாரைக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹெட்போனில் எனக்கு மண்டபமே அதிரும். வெளியே நிற்பவருக்கு அம்பில்லாத கிற்றாரின் கம்பியை நகம் சுரண்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். இத்தனை வருஷத்தில் என் மெட்டு ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் அந்தச் சுரண்டல்தான்.

“அண்டைக்கு அம்மாவையும் பிடிச்சுக்கொண்டு வாசல்ல நிண்டு மூணு தரம் கூப்பிட்ட நான். உள்ளுக்க இருந்து கிறுகிறு எண்டுதான் வந்தது. அம்மாட கையை விட்டுத்துத்தான் உங்கள இழுக்க வந்த நான்.”

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கிற்றாரை மடியில் வைத்தபடி இருந்தேன். ஐந்து வருஷமாக நான் விட்டுக்கொடுத்தேன், நான் பொறுத்தேன் என்று கணக்கு வைத்திருந்தவன். வெட்கமாக இருந்தது. மாமியை நினைத்து அன்றைக்குத்தான் முழுதாக அழுதேன்.

டிஜிட்டல் பெட்டியைக் காத்தான்குடிக்கே திருப்பிக் கொடுத்தேன். டவுனுக்குப் போய் வால்வ் அம்பை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்தேன். முகாம் அப்போதும் அங்கேதான் இருந்தது. இந்த முறை நானாகவே போய், பின்னேரம் நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை கிற்றார் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கிருந்தவர் ஏதோ கொப்பியில் எழுதிக்கொண்டார். அம்பை வீட்டின் முன் ஹோலில் வைத்து, அதன் முன்னால் கசெற் ரெக்கோடர் ஒன்றின் மைக்கை நிறுத்திக் குமிழை ஏழுக்குத் திருப்பினேன். காகம் கத்துவதும் பஸ் ஹோர்னும் மீன்காரரின் குரலும் எல்லாம் பதிவில் விழுந்தன. மனைவி அடுப்படியில் வேலையாக இருந்தாள். பின்வளவுக்குப் போகவில்லை.

மூன்றாவது மெட்டு, அன்று அறுந்துபோன அதே மெட்டு, வாழ்க்கையில் ஒருமுறைதான் அப்படி வரும் என்கிற மாதிரி வந்துகொண்டிருந்தது. முடிய இன்னும் நாலு அடிதான் இருந்தது. தேங்காய் உடைத்துத் தரச் சொல்லி அடுப்படியிலிருந்து மனைவி கூப்பிட்டாள். ஒரே ஒரு தரம்தான் கூப்பிட்டாள். என் கை தானாகவே கம்பியை விட்டது. அந்தப் பதிவை நான் திருப்பி எடுக்கவில்லை. இப்போதும் அதைப் போட்டால், மெட்டு பாதியில் நிற்கும், வால்வின் இரைச்சல் கொஞ்சம் கேட்கும், பிறகு என் குரல் கேட்கும்: “ஓம், வாறன்.”