ஆர்டெல்லாவின் கேஸ் கட்டு

கால்டர் கவுண்டி நீதிமன்றத்தின் எழுத்தர் அறையில் ஆர்டெல்லா ப்ரூயட்டுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் பேர் ஒன்றும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் வியாழக்கிழமை காலையில் வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் அவள் பின்னால் வந்து நின்று தொண்டையைக் கனைப்பாள், உட்கார்ந்தவர் தானாக எழுந்துவிடுவார். அவள் வக்கீலும் இல்லை, வழக்காடுகிறவளும் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் மக்காச்சோளமும் இறைச்சி உருண்டையும் பரிமாறி ஓய்வு பெற்றவள். நீதிமன்றக் காகிதங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது, அதனால் பார்க்கிறாள். அவ்வளவுதான்.

இந்தச் சட்டம் எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், எல்லோருக்கும் தெரியும். எதற்குப் பார்க்கிறாய் என்று எழுத்தர் கேட்கக்கூடாது என்பதும் தெரியும். இருந்தாலும் மற்றவர்கள் கூச்சப்படுவார்கள். ஆர்டெல்லாவிடம் கூச்சம் மருந்துக்கும் கிடையாது. தோழியின் மகளைச் சுற்றி வந்த பையன் வேகமாகக் கார் ஓட்டி அபராதம் கட்டியதும், பாதிரியாரின் மைத்துனர் பக்கத்து வீட்டுக்காரர்மீது வேலிக்காக வழக்குப் போட்டதும் அவள் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது.

வம்புக்காரி என்று பலர் சொல்வார்கள். அது நியாயமில்லை. வம்புக்காரர்கள் குற்றச்சாட்டோடு நிறுத்திக்கொள்வார்கள், இவள் தீர்ப்பு வரைக்கும் படிப்பாள். கோழிப்பண்ணைக்காரர் தீவனம் திருடியதாக ஊரே பேசியபோது, மளிகைக் கடை நடுவில் நின்று, "கேஸு தள்ளுபடி ஆயிடுச்சு, நானே படிச்சேன். எல்லாரும் வாய மூடிக்கிட்டு வேலையப் பாருங்க" என்று சத்தம் போட்டவளும் அவள்தான்.

அந்தக் கட்டடத்தில் அவள் கேட்டு வாங்காத கட்டு ஒன்றே ஒன்று இருந்தது. அது அவளுடையது.

ஆர்டெல்லா இந்த ஊர்க்காரி அல்ல. கவுண்டியின் மறுகோடியில், ஆற்றுக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டாள். விவாகரத்துக்குப் பிறகு, தன்னைத் தெரியாத ஊர் என்று நம்பி இங்கே வந்து சேர்ந்தாள். ஆற்றங்கரை ஆட்கள் இந்தப் பக்கம் வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கவுண்டியின் எந்த மூலையில் வழக்கு நடந்தாலும் காகிதம் அதன் தலைநகரான இந்த ஊருக்குத்தான் வரும். தன் காகிதம் கிடக்கிற ஊருக்கே தானும் குடிவந்துவிட்டோம் என்பது அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் எல்லோரிடமும் ஒரு கதை சொல்லி முடித்திருந்தாள். மகன் டெக்சஸில் நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கத் தகப்பனோடு போனவன் அங்கேயே தங்கிவிட்டான் என்பது அந்தக் கதை. உண்மை நீதிமன்றத்தின் நிலவறையில், பழைய கட்டுகளோடு இருந்தது. அவள் குடித்தாள். நீதிபதி பிள்ளையைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் ஒரு சொட்டும் தொட்டதில்லை.

இப்படி இருக்கையில்தான் லொவெல் ஸ்ட்ரூப் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டான்.

லொவெல் பண்ணை எந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். எண்ணெய்க் கறை போகாத கை, அதிகம் பேசாத வாய். ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தேவாலயத்தில் போடும் மீன் சாப்பாட்டில் எதிரெதிரே உட்கார்ந்ததில் பழக்கம். பிறகு வீட்டுக்கு வந்து துணி காயவைக்கும் எந்திரத்தைச் சரிசெய்தான், அவள் சுட்ட பீச் பை என்ற பழப் பலகாரத்தைச் சாப்பிட்டான், மறுபடி வந்தான். ஒரு வருஷம் இப்படியே ஓடி, மறுபடி தவக்காலம் வந்தபோது கேட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டில் பதில் சொல்வதாக அவளும் சொன்னாள்.

அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது. கட்டிக்கொண்டால் மகன் கதையைச் சொல்லியாக வேண்டும், சொன்னால் போய்விடுவான். முதலில் அவனிடம் என்ன கோணல் இருக்கிறது என்று தெரிந்தால் தன் கோணலைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வரும் என்று கணக்குப் போட்டாள்.

வியாழக்கிழமை எழுத்தர் டொனெட்டாவிடம் போனாள்.

"ஸ்ட்ரூப், லொவெல். விவாகரத்து. கம்ப்யூட்டர்ல இல்ல, அதுக்கு முந்தினது."

டொனெட்டா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "நம்ம லொவெலா? அடேங்கப்பா! கையெழுத்துப் போடுங்க மிஸ் ஆர்டெல்லா, கீழ போய் எடுத்துட்டு வரேன்."

கம்ப்யூட்டரில் பார்ப்பதற்குக் கையெழுத்து வேண்டாம். நிலவறையில் உள்ள பழைய கட்டு என்றால் கவுண்டரில் தொங்கும் அட்டையில், யார் எந்தக் கட்டைக் கேட்டார் என்று எழுத வேண்டும். அதைக் கேட்பவர்கள் குறைவு. ஆர்டெல்லாவும் பழையதையெல்லாம் எப்போதோ படித்து முடித்துவிட்டதால், அந்த அட்டையைத் தொட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. பேனாவை எடுத்தவள் வழக்கம்போல மேலே உள்ள வரிகளையும் ஒரு பார்வை பார்த்தாள்.

லொவெல் ஸ்ட்ரூப். கேட்ட கட்டு: ப்ரூயட் எதிர் ப்ரூயட். போன வருஷம், மார்ச் மாதம்.

அது அவளுடைய விவாகரத்துக் கட்டு. யார் அவனுக்கு இந்த வழியைக் காட்டியது என்று கோபமாக யோசித்தாள். உடனே நினைவு வந்தது, அவளேதான். அந்த மார்ச்சில் மீன் சாப்பாட்டு மேசையில் அத்தனை பேர் முன்னால், "ஒருத்தர வீட்டுக்குள்ள விடுறதுக்கு முன்னால கோர்ட்டுக்குப் போய்ப் பாருங்க, ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்று முழங்கியது அவள். எதிரே உட்கார்ந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தது அவன்.

டொனெட்டா அவன் கட்டோடு வந்தாள். ஆர்டெல்லா அதைத் திறக்கவில்லை.

"இன்னொண்ணும் வேணும். என்னோடது."

டொனெட்டா ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது சட்டம், ஆனால் அன்றைக்கு அவள் கேட்காமலிருந்தது சட்டத்துக்காக அல்ல.

இரண்டு கட்டுகளும் மேசையில் கிடந்தன. ஆர்டெல்லா நடைவழிக்குப் போய் லொவெலுக்குப் போன் போட்டாள். "கோர்ட்டுக்கு வா. இப்பவே."

கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே அவன் வந்தான். மேசையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"ஒரு வருஷமா என் வீட்டுப் பீச் பையத் தின்னுக்கிட்டு, நான் டெக்சஸ் பள்ளிக்கூடம்னு அளந்து விடுறப்பல்லாம் தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தியே!" என்றாள். குரலை அடக்கிப் பேச நினைத்தாள், முடியவில்லை. "எப்படிப்பா மனசு வந்துச்சு?"

"நீயா சொல்லட்டும்னு இருந்தேன். எனக்கென்ன அவசரம்?"

"குடிகாரின்னு தெரிஞ்சும்?"

"தெரிஞ்சுதான் உன் வீட்டுக்கு பீர் கொண்டு வர்றதில்ல."

அவன் தீவிர பாப்டிஸ்ட், குடியை விலக்கும் சபைக்காரன், அதனால்தான் பீரைத் தொடுவதில்லை என்று அவள் அவனை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள். அவனும் சிரித்துக்கொண்டே எலுமிச்சை ஜூஸ் குடித்திருக்கிறான்.

"சரி, நீ இத முழுசாப் படிச்சியா?" என்று அவன் கேட்டான்.

"எதுக்குப் படிக்கணும்? நான்தான் அங்க நின்னேனே."

"ஊர்ல உள்ளவங்க கட்டையெல்லாம் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கிறவ, உன்னோடத மட்டும் பாதில விட்டுட்டியாக்கும்." அவன் அவள் கட்டைத் திறந்து கடைசித் தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினான்.

நீதிபதியின் குறிப்பு, தட்டச்சில். குடிப்பதில்லை என்று சொல்லும்படி வக்கீல் ஜாடை காட்டியும், தாய் மறுக்கவில்லை. கேட்ட கேள்விக்கு ஆம் என்றார். பிள்ளையை இழக்க நேரிடும் என்று தெரிந்தே சொன்னார். இந்த வழக்கில் இந்த நீதிமன்றம் முழுதாக நம்பிய ஒரே சாட்சி அவர்.

ஆர்டெல்லா அதை மறுபடி படித்தாள். கண்ணீர் மறைத்ததால் மூன்றாவது தடவை படிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் அவளுக்குத் தோல்வி மட்டும்தான் ஞாபகம் இருந்தது. ஆம் என்று சொன்னது மறந்தே போயிருந்தது.

"இதப் படிச்சிட்டு வெளிய வந்தேன்," என்றான் லொவெல். "நேரா உன் வீட்டுக்கு வந்து கதவத் தட்டுனேன். துணி காயப்போடுற மெஷினு ரிப்பேரான்னு கேட்டேனே, அன்னைக்குத்தான்."

"அது நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எனக்கும் தெரியும். கழட்டிட்டு மறுபடி மாட்டுனேன்."

பிறகு அவன் தன் கட்டை அவள் முன்னால் நகர்த்தினான். இவ்வளவு நேரம் இல்லாத ஒரு கலக்கம் அவன் முகத்தில் வந்திருந்தது. "இப்ப என்னோடதப் படி. அதுல நான் அவ்வளவு நல்லவனா இல்ல. படிச்சிட்டு நாளைக்கு உன் பதிலச் சொல்லு."

"நீ எங்க போற?"

"வெளிய நிக்கிறேன்."

"உக்காரு," என்று ஆர்டெல்லா தன் நாற்காலியை அவனுக்குத் தள்ளிவிட்டு, இன்னொன்றை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மொதப் பக்கத்துல நான் மொறைச்சா பயப்படாத. கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டுத்தான் நான் பேசுவேன்."