பள்ளிக்குள் ஓர் அந்நிய நாடு

நாலாம் வகுப்பு டீச்சர் பதினேழு வருடமாக, வருடம் தவறாமல் நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பள்ளி திறந்ததும் அந்நியர்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்குவார். அரையாண்டுத் தேர்வுக்குள் அடித்து விரட்டிவிடுவார். முதலில் மனு, அதற்குப் பதில் இல்லையென்றால் மறுப்பு, மறுப்புக்கும் மசியவில்லையென்றால் சிறை. இந்த வரிசை மாறினால் மதிப்பெண் கிடையாது. சிறைக்குப் போகும் இடத்தில் டீச்சருக்குத் தொண்டை அடைக்கும். அப்பேர்ப்பட்ட வீராங்கனைக்கு வராந்தாவில் தலைமையாசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், பாடமே பாதியில் நின்றுவிடும்.

பள்ளியில் கழிப்பறை ஒன்று உண்டு. வெள்ளை ஓடு பதித்தது, குழாயில் தண்ணீர் வருவது. பிள்ளைகள் போனால் நாசமாகிவிடும் என்று தலைமையாசிரியர் அதைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு மட்டும் திறப்பார். பையன்களுக்குக் காம்பவுண்டுச் சுவர் இருந்தது. பெண்பிள்ளைகளும் டீச்சரும் மணி நாலு ஆகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டீச்சர் காலையில் அரை டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது கைப்பை ஒரு பக்கம், குடை ஒரு பக்கம் பறக்கும். அவர் திரும்பி வரும்வரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். வருடத்துக்கு இரண்டு தடவை நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வரும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்ன டாக்டர், குடித்துவிட்டு எங்கே போவது என்று சொல்லவில்லை. "நேராப் போய்ச் சாவியைக் கேட்டா என்ன, கடிச்சா தின்னுடுவார்?" என்றார் வீட்டுக்காரர். தன் மேலாளரிடம் ஒரு நாள் லீவு கேட்க ஒரு வாரம் ஒத்திகை பார்க்கிறவர் அவர்.

அந்த வருடம் புவியியலில் முதல் பாடம், சொந்தப் பள்ளியை வரைபடமாக வரைவது. மேலே வடக்கு, தடித்த கோடு என்றால் எல்லை, நாட்டுக்கு ஒரு நிறம் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் பெஞ்சில் ஒரு தச்சர் மகள் இருந்தாள். அப்பாவின் அளவுகோலை எடுத்துவந்து, படிக்கட்டைக்கூட எண்ணி வரைந்தாள். அதைவிட நல்ல படம் வகுப்பில் இல்லை. மறுநாள் ஆய்வு என்ற அவசரத்தில் டீச்சர் மேலோட்டமாகப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, கூடத்துச் சுவரில் ஒட்டிவிட்டார்.

வந்த அதிகாரி அந்தப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பள்ளி முழுக்கப் பச்சை. தென்மேற்கு மூலையில் ஒரே ஒரு சதுரம் சிவப்பு. அதைச் சுற்றித் தடித்த கோடு, உள்ளே பென்சிலில் குண்டு குண்டாக 'அந்நிய நாடு'. அது என்ன இடம் என்று கேட்டார். தலைமையாசிரியர், எல்லாம் டீச்சரின் கவனக்குறைவு, பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சொல்லித்தருவதில்லை என்று பொரிந்துதள்ளினார். பதினேழு வருடமாகத் தியாகிகளுக்காகத் தொண்டை அடைத்த டீச்சர், ஒரு நொடிகூட யோசிக்காமல் ஒன்பது வயதுப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தார். அவள்தான் தப்பாக வரைந்துவிட்டாள் என்று சொல்லி, கூப்பிட்டுத் திருத்தச் சொன்னார்.

தச்சர் மகள் அழவில்லை. ரப்பரால் எழுத்தை அழித்தாள், கோட்டை அழித்தாள், சிவப்பின் மேலேயே பச்சையை அழுத்தித் தேய்த்தாள். சேறு மாதிரி ஒரு நிறம் வந்தது. பிறகு திரும்பி டீச்சரைப் பார்த்தாள்.

"இப்ப இதுவும் நம்ம நாடாயிடுச்சு டீச்சர். இனிமே போலாமா?"

அதிகாரி தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார். கூரையில் பதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. கடைசியில் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்ச் சாவியோடு வந்தது. எல்லோரும் தாராளமாகப் போகலாமே, யார் தடுத்தது என்றார் பெரிய மனதோடு. பெண்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சாவியை வாங்கித் திறந்து, பூட்டைத் தச்சர் மகளின் கையில் கொடுத்து, முதலில் அவளை அனுப்பினார். இரண்டாவதாகத் தானே போனார். அதில் யாருக்கும் மறுப்பில்லை.

அதிகாரியின் கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், தலைமையாசிரியர் நாலாம் வகுப்பு வாசலில் வந்து நின்று கையை நீட்டினார். டீச்சர் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"சாவி இந்தாங்க சார். பூட்டைத்தான் காணோம்."

நாற்பது பிள்ளைகளும் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். யார் எடுத்தது, இப்போதே சொல்லியாக வேண்டும் என்று தலைமையாசிரியர் உறுமினார். ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டாம் பெஞ்சில் ஒரு சாப்பாட்டுப் பை கனத்துத் தொங்கியதை டீச்சர் அவருக்கு முன்பே பார்த்துவிட்டார். போய் அதை மறைத்து நின்றுகொண்டார்.

"பிள்ளைங்களைக் கேக்காதீங்க சார். நான்தான் தொலைச்சேன்."