மூன்றாம் நம்பர் ரோலரின் அந்தப் பக்கம்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொல்லி வைத்தார்களோ தெரியாது. எனக்கு நடந்தது மத்தியானம் இரண்டே முக்காலுக்கு. கனவில்லை; நின்றுகொண்டு வேலை செய்கிறவள் கனவு காண்பதில்லை. காய்ச்சலும் இல்லை. செங்கல் சூளையில் பிறந்து அந்தச் சூட்டிலேயே வளர்ந்தவள் நான். லேசில் மிரளுகிற ஆள் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

சலவைக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரி, லாட்ஜ் என்று பல இடத்து விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தரைக்குக் கீழே ஒரு நீளக் கூடம், ஜன்னல் கிடையாது. ஒரு மூலையில் துவைக்கிற இடம், நடுவில் இஸ்திரி போடுகிற மூன்று ரோலர்கள். வெளியே மழையா வெயிலா என்று மாலை படியேறி வந்தால்தான் தெரியும்.

இருபது நாள் சோதனை வேலை. தேறினால் நிரந்தரம். நிரந்தரம் ஆனவர்களுக்குத் தங்க ஒரு அறை கொடுப்பார்கள். அறை கிடைத்தால் அக்கா வீட்டில் விட்டிருந்த என் மகளைக் கூட்டி வந்துவிடலாம். ஒவ்வொரு நாளும் போனில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள். "எப்பம்மா வருவ?" அடுத்த மாசம் என்று நானும் எத்தனை தடவைதான் சொல்வது?

எங்கள் மேஸ்திரி கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். அவனுக்குப் பெயரே அதுதான். முதல் நாள் என்னை மூன்றாம் நம்பர் ரோலர் முன்னால் நிறுத்தினான்.

"இந்தப் பக்கம் துணியக் குடுக்கணும். அந்தப் பக்கம் போய் வாங்கி மடிக்கணும். புரிஞ்சுதா?"

"சார், ஒரு தடவ செஞ்சு காட்டினீங்கன்னா..."

"வேலைக்கு வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?"

எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். நாற்பது விநாடி இருக்கும்.

ரோலர் என்பது ஆள் உயர இரும்புப் பெட்டி. உள்ளே கொதிக்கிற உருளை. இந்தப் பக்கம் நிற்பவளுக்கு அந்தப் பக்கம் தெரியாது. விரிப்பின் ஒரு விளிம்பைக் கொடுத்தால் உருளை இழுத்துக்கொள்ளும். அது அந்தப் பக்கம் தலை நீட்டும்போது பிடிக்க ஆள் வேண்டும். பிடிக்காவிட்டால் உருளையிலேயே சுற்றிக்கொண்டு கருகிவிடும். ஒன்றாம் நம்பரிலும் இரண்டாம் நம்பரிலும் கொடுக்க ஒருத்தி, வாங்க ஒருத்தி என்று இரண்டிரண்டு பேர். எனக்கு மட்டும் ஜோடி இல்லை.

"மூணாம் நம்பருக்கு எப்பவும் ஒரு ஆள்தான்" என்றான் ஸ்டாப்வாட்ச்.

கொடுத்துவிட்டுச் சுற்றி ஓடுவேன். பிடிப்பேன், மடிப்பேன், திரும்ப ஓடி வருவேன். நாக்குத் தள்ளிவிடும். முதல் நாள் பதினோரு விரிப்பு கருகிப்போனது. என் புறங்கையும் வெந்தது. "சூளைக்காரிதானே, பெட்ஷீட்டையும் சுட்டுட்டா" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். ஒன்றாம் நம்பர்க்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு அவர்கள் என் பக்கம் திரும்பியது அந்த ஒரு தடவைதான்.

அங்கே யாரும் என்னோடு பேசமாட்டார்கள். சோதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள், அவர்களோடு என்ன பழக்கம் என்று நினைத்திருக்கலாம். மத்தியானம் படிக்கட்டில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவேன். இரண்டு நாற்பதுக்கு எல்லோரும் டீ குடிக்க மேலே போவார்கள். சோதனைக்காரிக்கு டீ கிடையாது. மூன்று மணி வரை அந்தக் கூடத்தில் நானும் என் ரோலரும்தான்.

நாலாம் நாள். இரண்டு நாற்பத்தைந்து.

ஒரு விரிப்பைக் கொடுத்தேன். வால் பக்கம் இன்னும் என் கையில் இருந்தது. சுற்றி ஓடக் காலை எடுத்தேன். அப்போது துணி அந்தப் பக்கத்திலிருந்து சுண்டியது.

டக்... டக்.

இரண்டு தடவை. 'பிடிச்சுட்டேன், நீ விடு' என்பதுபோல. என் கை தானாக விட்டது. சுற்றிப் போய்ப் பார்த்தேன். விரிப்பு மடித்துத் தள்ளுவண்டிமேல் இருந்தது. ஆளைக் காணோம்.

யாரோ மனசு இரங்கி உதவிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சிரிக்காதீர்கள், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த ஊரில் நமக்கும் ஒரு ஆள் இருக்கிறது என்று.

அதன் பிறகு தினமும் அதே நேரம். நான் இடத்தை விட்டு அசையவே மாட்டேன். போனால் அவருக்குக் கூச்சமாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு. "வந்துட்டீங்களாக்கா?" என்பேன். டக், டக். மகளைப் பற்றிச் சொல்வேன். "அடுத்த மாசம் கூட்டிட்டு வந்துடணும்க்கா." டக், டக். ஒரு நாளில் அந்தக் கால் மணி நேரம்தான் நான் மனுசியாக இருந்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த நேரத்தில் மடித்த விரிப்புகளில் ஒரு மூலை எப்போதும் ஈரமாக இருந்தது. மற்ற மூன்று மூலையும் மொறமொறவென்று இருக்கும். ஈர மூலையில் சின்னச் சின்னக் குழிகள்... பிறை மாதிரி வளைவாக.

துவைக்கிற இடத்தில் ஒரு வயசான அக்கா உண்டு. அவரிடம் கேட்டேன். "டீ நேரத்துல எனக்கு உதவி பண்றது யாருக்கா?"

அவர் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டார். "வேலையப் பாரு."

பன்னிரண்டாம் நாள் ஸ்டாப்வாட்ச் ஒரு விரிப்பை என் முகத்தில் எறிந்தான். "லாட்ஜ்ல இருந்து திரும்பி வந்திருக்கு! கடிச்சு வச்சிருக்கியே, நீ என்ன நாயா?"

"நான் இல்ல சார். டீ நேரத்துல..."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. விரிப்பைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். திட்டாமல் அவன் போனது அதுதான் முதல் தடவை.

இருபதாம் நாள். மூன்று மணிக்குள் இருநூறு விரிப்பு முடித்தால் தேறிவிடலாம். இரண்டு நாற்பதுக்கு எல்லோரும் மேலே போனார்கள். "மூணுக்கு வர்றேன். இருநூறு இல்லன்னா அப்படியே கிளம்பிடு" என்று ஸ்டாப்வாட்சும் போனான்.

இரண்டு நாற்பத்தைந்து. முடிந்தது நூற்று அறுபது.

கொடுத்தேன்.

டக்... டக்.

என்னவோ அன்றைக்கு, யாரென்று பார்த்துவிடத் தோன்றியது. நிரந்தரம் ஆனால் நன்றி சொல்ல முகம் தெரிய வேண்டாமா? ரோலருக்கு அடியில் ஒரு முழ இடைவெளி உண்டு. விரிப்பை விடாமல் குனிந்தேன்.

இரண்டு கால்கள்.

எங்கள் கூடத்து ரப்பர் செருப்பு. குதிகால் தரையில் படவில்லை. நுனிவிரலில் எக்கி நின்றன. வாயால் எதையோ எட்டிப் பிடிக்கிறவள்போல.

தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம்.

"அக்கா...?"

கால்கள் அசையவில்லை.

விரிப்பை விட்டுவிட்டுச் சுற்றி ஓடினேன்.

யாருமில்லை.

விரிப்பு மட்டும் இருந்தது... அந்தரத்தில். பாதி மடிந்து. ஒரு மூலை கை உயரத்தில், இன்னொரு மூலை அதற்கும் மேலே, முக உயரத்தில்.

நான் பார்க்கப் பார்க்க அது மெல்ல இறங்கித் தரையில் விழுந்தது.

படிக்கட்டு பத்தடி தூரம். ஓடியிருக்கலாம்.

சுவர்க் கடிகாரம் இரண்டு நாற்பத்தெட்டு. பாக்கி நாற்பது விரிப்பு.

'எப்பம்மா வருவ?'

திரும்பி என் பக்கம் வந்தேன். அடுத்த விரிப்பைக் கொடுத்தேன்.

டக்... டக்.

விட்டேன்.

மூன்று மணிக்கு இருநூறு இருந்தது.

அன்று மாலை படிக்கட்டில் துவைக்கிற அக்கா தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ ஓடிப்போகல. அதனால சொல்றேன்" என்றார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் நம்பரில் இரண்டு பேர் இருந்தார்களாம். அந்தப் பக்கம் நின்றவளுக்கும் யாரும் வேலை சொல்லிக் கொடுக்கவில்லை. உருளையில் சுற்றிய துணியைக் கையால் எடுக்கப் போனாள். இடது கை முழங்கையோடு போயிற்று. மெஷினை நிறுத்துகிற கயிறு அங்கே இருந்தது. அடிக்கடி இழுத்து வேலையைக் கெடுக்கிறார்கள் என்று ஸ்டாப்வாட்ச் அதை எட்டாத உயரத்தில் கட்டி வைத்திருந்தான்.

"ஆறே மாசத்துல திரும்பி வந்துட்டா. வேற போக்கு ஏது? ஒரு மூலைய கையில பிடிப்பா, இன்னொரு மூலைய பல்லுல பிடிப்பா. துணியில பல்லுத் தடம் விழுதுன்னு புகார் வந்துச்சு. வேலையில இருந்து நின்னுக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போன்னு மேஸ்திரி சொன்னான். எழுதமாட்டேன்னுட்டா. மறுநாள் டீக்குப் போயிட்டு வந்து பாக்குறோம், ரோலருக்கு அந்தப் பக்கம் கிடக்கா. மாரடைப்புன்னாங்க. வாயில துணி மூலை. எடுக்க முடியல, கத்தரிச்சுதான் விட்டோம்."

மறுநாள் நிரந்தரப் பதிவேட்டில் கையெழுத்துப் போட ஸ்டாப்வாட்சின் அறைக்குப் போனேன். மூன்றாம் நம்பருக்குத் தனிப் பக்கம். என் பெயரை நேற்றுதான் எழுதியிருந்தார்கள். அதற்கு மேலே எத்தனையோ பெண்களின் பெயர்கள், எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்திருந்தார்கள். பக்கத்துக் கட்டத்தில் ஒரே ஒரு டோக்கன் எண். பதினேழு. பெயர் இல்லை. நாலு வருஷமாக ஒரு நாள் விடாமல் வருகை குறித்திருந்தது. நேற்றும்.

"சார்... இது யாரு?"

அவன் தலை நிமிரவில்லை.

"நின்னுக்கிறேன்னு அவ எழுதிக் குடுக்கலையே. வர்றா. நான் என்ன பண்ண?"

கையெழுத்துப் போட்டேன். அறை கிடைத்தது. மகள் வந்துவிட்டாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. நான் இன்றும் மூன்றாம் நம்பரில்தான் இருக்கிறேன்.

மகள் வந்த அன்றே ஒரு தாளில் எழுதி மடித்து அவளிடம் கொடுத்துவிட்டேன். இன்று முதல் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தேதி மட்டும் போடவில்லை.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அழுவுறதெல்லாம் அப்புறம். முதல்ல தேதியப் போட்டு இதக் கொண்டுபோய் அந்தாளு மேசையில வை" என்று சொல்லியிருக்கிறேன்.