உபவாசக் கூடத்தில் சோறு கேட்டவள்

என்னையும் என் வீட்டையும் கைவிடாத கர்த்தருக்கு முதல் நன்றி. நான் சாந்தமான பெண் இல்லை என்பது நம் சபையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் இந்தச் சாட்சியும் சாந்தமாக இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1976-ம் வருஷம் அது, நடந்து சில வருஷம்தான் ஆகிறது. கல்யாணமாகிப் பல வருஷம் வெறுங்கையோடு இருந்த எனக்கு அப்போதுதான் வயிற்றில் தங்கியிருந்தது. என் பிறந்த வீடு நாசரேத் பக்கம். வாழ வந்தது தூத்துக்குடி மில்லர்புரத்தில். என் வீட்டுக்காரர் தேவசகாயம், பழைய துறைமுகத்தில் தோணிகளுக்கு உப்பு மூட்டை ஏற்றுகிற ஆட்களின் மேஸ்திரி. அடிதடிக்குக் கை நீளுகிற மனிதர். என் மேல் இல்லை, துறைமுகத்தில். சட்டைப் பொத்தான் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க அவர் வீடு திரும்பிய நாள் குறைவு. கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோவிலுக்கு வருவார், அதுவும் ஆராதனை முடிகிற நேரம் பார்த்து. வீட்டில் எங்களோடு மாமியாரும் இருந்தார்கள்.

ஏழாம் மாதம் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மரக்குழாயை வைத்துக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு பக்கம் கேட்டுவிட்டு, மறுபக்கம் வெகு நேரம் கேட்டார். “இரட்டைக் குழந்தை” என்றார். நான் படுத்த வாக்கிலேயே கை தட்டினேன். அவர் சிரிக்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். இரண்டு தலை. ஒன்று தேங்காய் அளவு, மற்றது அதில் பாதிகூட இல்லாதது போல எனக்குத் தெரிந்தது.

“ஒன்று நல்லா வளர்ந்திருக்கு. இன்னொன்று ரொம்பப் பின்தங்கியிருக்கு. ஏன்னு இப்போ சொல்ல முடியாது. சின்னதுக்குப் போக வேண்டிய ரத்தம் சரியாப் போகாம இருக்கலாம். இது நீ செய்த தப்பு இல்லை. நல்லாச் சாப்பிடு, ஒருக்களிச்சுப் படு, வாரா வாரம் வந்து காட்டு. பிரசவம் இங்கேதான். வீட்டில் கூடாது.”

“சின்னது பிழைக்குமா டாக்டரம்மா?”

“தெரியாது.”

அவர் சொன்ன அத்தனையும் காற்றில் போய்விட்டது. அந்த ஒரு வார்த்தைதான் என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது.

விஷயத்தைக் கேட்டதும் மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். “பெரிசு சிறிசைத் தின்னுதுளா! உள்ளுக்குள்ளயே பிடுங்கித் தின்னுது!” என்றார்கள். படித்தவள்தான் நான், பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைகூடப் பார்த்தவள். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. பெரிசு வலது பக்கம். கால் கை வைத்துக்கொண்டு சும்மா இருக்காது. மூட்டை சுமக்கிறவன் முட்டுவது போல விலாவில் முட்டும். சிறிசு இடது பக்கம் அடியில். எப்போதாவது ஒரு சிறு துடிப்பு. அவ்வளவுதான். பெரிசு ஒவ்வொரு முறை உதைக்கும்போதும் அந்த அடி சிறிசின் மேல் விழுவதாகவே எனக்குத் தோன்றும். “ஏலே, அவன் பங்கையும் தின்னுட்டு அவனையே மிதிக்கியாலே!” என்று கத்துவேன். ஒரு நாள் என் வயிற்றின் வலது பக்கத்தில் அடிக்கவே கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையைச் சுவரில் அடித்தேன். விரல் வீங்கிப்போனது.

ஜெபமா? ஜெபம் என்று அதைச் சொல்ல எனக்கே கூச்சம். சண்டை போட்டேன். “கொடுத்துவிட்டுப் பிடுங்குவதற்கா இத்தனை வருஷம் காக்க வைத்தீர்?” என்று பாத்திரத்தைத் தூக்கி எறிந்தேன். பாத்திரம் நசுங்கியதுதான் மிச்சம்.

எங்கள் தெருக்கோடியில் ஓலைக்கூரை போட்ட ஜெபக்கூடம் இருந்தது. அதை நடத்தியவர் சொர்ணம் அக்கா. கணவரைக் கடல் கொண்டுபோனபின் ஊழியத்துக்கு வந்தவர். ஒல்லியான உடம்பு, குரல் மட்டும் கப்பல் சங்கு. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே உபவாச ஜெபம் நடக்கும். நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெரிய காரியத்துக்கு அடுப்பைப் பற்றவைக்காமல் இருந்து கேட்பதுதான் நம் பழக்கம். யாருக்குக் காரியம் ஆக வேண்டுமோ அவர்களே முதலில் பட்டினி இருக்க வேண்டும் என்பது மாமியாரின் தீர்மானம். “தாய் வயிறு காஞ்சாத்தான் ஆண்டவர் இரங்குவாரு” என்றார்கள். அவர்களும் பட்டினி இருந்தார்கள், கருப்பட்டிக் காப்பி மட்டும் குடித்துக்கொண்டு. அன்பில்தான் சொன்னார்கள். நானும் அன்பில்தான் கேட்டேன். வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு உபவாசம் வேண்டாம் என்று கூடத்தில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. சிறிசுக்காக உருகி உருகி ஜெபித்த எல்லோரும் சேர்ந்து அதைப் பட்டினி போட்டோம்.

முதலில் வெள்ளிக்கிழமை மட்டும். பிறகு புதனும் சேர்ந்தது. வீட்டுக்காரர் விடியுமுன் துறைமுகம் போய்விடுவார். பொழுது சாய்ந்து அவர் வரும்போது நான் அவரோடு உட்கார்ந்து கஞ்சி குடிப்பேன். அதனால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு அந்த வாரங்களில் நான் போகவில்லை. விசுவாசக் குறைவு ஆகிவிடுமோ என்று பயம்.

ஐப்பசி மழை தொடங்கிய வாரம், மாமியார் தொடர் உபவாசம் என்றார்கள். இரவுக் கஞ்சியும் கிடையாது, ‘முன்னமே குடித்துவிட்டேன்’ என்று வீட்டுக்காரரிடம் பொய் சொன்னேன். மூன்றாம் நாள் காலையிலிருந்து சிறிசின் துடிப்பே தெரியவில்லை. கூடத்தில் எல்லோரும் கையை உயர்த்திக் கதறுகிறார்கள், வெளியே மழை அறைகிறது, என் கண்ணுக்கு முன்னால் பொட்டுப் பொட்டாக இருட்டு. பச்சைப் பித்தமாக வாந்தி எடுத்துவிட்டு அப்படியே சரிந்தேன்.

அப்போதுதான் கதவு பிளந்தது.

மழையால் தோணி வேலை நின்று, என் வீட்டுக்காரர் நடுப்பகலில் வீட்டுக்கு வந்திருக்கிறார். அடுப்பில் பூனை படுத்திருந்ததாம். பக்கத்து வீட்டுக்காரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஒரே உதையில் தாழ்ப்பாள் பிய்ந்து பறந்தது. வாசலில் இருந்த தண்ணீர்ப் பானை சில்லுச் சில்லாகப் போனது. பெஞ்சைத் தூக்கிச் சுவரில் அடித்தார்.

“எம் பிள்ளையளப் பட்டினி போட்டா கொல்லுதிய? இதுக்குப் பேரு ஜெபமா?”

தடுக்க வந்த இரண்டு ஆண்களில் ஒருவர் பானைச் சில்லில் விழுந்தார். மற்றவரின் மூக்கில் ரத்தம். பெயர்ந்த தாழ்ப்பாளின் ஆணி என் வீட்டுக்காரரின் உள்ளங்கையையும் கிழித்து, சொட்டிக்கொண்டிருந்தது. மாமியார் அவர் காலைப் பிடித்தார்கள். உதறினார். சொர்ணம் அக்கா நேரே போய் அவர் முன்னால் நின்றார்.

“அடிக்கணும்னா என்னைய அடிலே. அடி!”

அவர் கையை ஓங்கினார். ரத்தம் அக்காவின் வெள்ளைச் சேலையில் சொட்டியது. கூடம் முழுக்க அலறல்.

அந்தச் சத்தத்துக்கெல்லாம் மேலே நான் கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று கேட்காதீர்கள். கூரையைப் பார்த்துத்தான் கத்தினேன்.

“எனக்குப் பசிக்குது ஆண்டவரே! சோறு தாரும்! எம் பிள்ளைக்குச் சோறு தாரும்!”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். உபவாசக் கூடத்தில் சோறு கேட்டவளை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அத்தனை மாதத்தில் நான் உண்மையாகச் செய்த ஜெபம் அது ஒன்றுதான். பதிலும் உடனே வந்தது. சொர்ணம் அக்கா மழையில் ஓடினார். கூடத்தார் வீடு எதிலும் அடுப்பு எரியவில்லை. எதிரே குடியிருந்த மீன்காரர் வீட்டுக்குள் கேட்காமலே புகுந்து, சோற்றுப் பானையையும் சாளை மீன் குழம்புச் சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். தானும் மூன்று நாள் பட்டினி கிடந்தவர், சோற்றைப் பிசைந்து என் வாயில் ஊட்டினார். “தின்னுளா தங்கம், தின்னு” என்று சொல்லிச் சொல்லி அழுதார். ஓங்கிய கை ஓங்கியபடியே என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டி காலியாகி, கொஞ்ச நேரம் கழித்து, அடிவயிற்றின் இடது பக்கம் ஒரு சிறு துடிப்பு. நான் அலறிய அலறலில் பிரசவம் என்று நினைத்துவிட்டார்கள்.

அக்கா எழுந்து நின்றார். “தப்பு நடந்துபோச்சு. இனி இவ ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கக் கூடாது. இவளுக்காக நாம கிடப்போம். யாரு முறையோ, அவ தன் பங்குச் சோத்த இவளுக்குக் கொடுத்தனுப்பணும்” என்றார். வீட்டுக்காரரிடம் திரும்பி, “சும்மா நிக்கியே, சைக்கிள் இருக்கில்லா? நீதாம்லே போய் வாங்கிட்டு வரணும்” என்றார். கூடத்தை உடைத்தவன் என்ற ஒரு பேச்சுகூட அவர் வாயில் வரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மேஜையை அறைந்த அறையில் மைக்கூடு கவிழ்ந்தது. “பட்டினியாலதான் சின்னது இப்படி ஆச்சுன்னு சொல்ல மாட்டேன். அது முன்னாடியே தொடங்கினது. ஆனா எரியற வீட்டுக்குத் தண்ணி ஊத்தாம நின்னீங்க” என்றார். பிறகு மெதுவாக, “ஜெபம் பண்ணும்மா, வேண்டாங்கலை. படுத்துக்கிட்டுப் பண்ணு” என்றார். குழாயை வைத்துக் கேட்டார். இரண்டும் துடித்தது.

அதன் பிறகு நான் தின்றது உபவாசச் சோறு. ஒரு வீட்டுக் கருவாடு, ஒரு வீட்டு முட்டை, ஒரு வீட்டு உளுந்தங்களி. கைக்கட்டோடு என் வீட்டுக்காரர் தூக்குச்சட்டியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வருவார். முதலில் முனகிக்கொண்டே வருவார். ஒரு நாள் அவரே சாப்பிடாமல் இருந்தார். என்னவென்று கேட்டேன். “இன்னைக்கு எம் முறை” என்றார். நான் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். கவலை போய்விட்டதா என்றால், இல்லை. தினமும் வந்தது. ஆனால் எனக்காக யாரோ ஒருத்தி காய்ந்த வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைக்கும்போது, கவலையோடும் கொஞ்சம் தூங்க முடிந்தது.

எட்டாம் மாதம் முடியுமுன்னே வலி வந்தது. அன்று கடல் வெறிபிடித்து நின்றது. கடற்கரை ரோட்டில் அலை ஏறி அடித்தது. தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர். என் வீட்டுக்காரர் நடுரோட்டில் கையை விரித்து நின்று உப்பு லாரி ஒன்றை மறித்தார். டிரைவர் திட்டினார், இவர் அதைவிடத் திட்டினார். சாக்குகளின் மேல் என்னைப் படுக்க வைத்துத் தார்ப்பாயைப் போர்த்தினார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் செத்துப் பிழைத்தேன். சொர்ணம் அக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மழையோடு போட்டி போட்டுக் கத்தி ஜெபித்தார்.

பெரிசு முதலில் வந்தது. வரும்போதே ஊரைக் கூட்டும் கூச்சல். ஆம்பிளைப் பிள்ளை என்று நினைத்து நான் ‘ஏலே’ என்று திட்டியது எல்லாம் வீண். பெண் பிள்ளை! சிறிசு காலை நீட்டிக்கொண்டு வந்தான். டாக்டரம்மா வியர்த்து ஊற்ற இழுத்தெடுத்தார். நீலம் பாரித்த உடம்பு. சத்தமில்லை. குழாயை வாயில் விட்டு உறிஞ்சினார். உள்ளங்காலில் அடித்தார். சத்தமில்லை. முதுகைத் தேய்த்தார், மறுபடியும் அடித்தார்.

“அடிங்க டாக்டரம்மா! இன்னும் அடிங்க!” என்று கத்தினேன். “ஆண்டவரே, எழுப்பும்! எழுப்பும்!”

வெளியே வராந்தாவில் நம் பெண்கள் கதறுவது கேட்டது. அதற்கு நடுவே பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம். என் மகன் அழுதான்.

ஆனால் உடம்பு சில்லென்று இருந்தது. பஞ்சு சுற்றினார்கள், வெந்நீர்ப் பாட்டில் வைத்தார்கள். மழையில் கரண்டும் இல்லை. சூடு ஏறவில்லை. வயதான நர்ஸம்மா ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கதறிக்கொண்டிருந்த பெரிசைத் தூக்கிவந்து அவன் பக்கத்தில் ஒட்டப் படுக்கவைத்து, இரண்டையும் ஒரே துணியில் சுற்றினார். அவள் அழுகையை நிறுத்தினாள். அவன் மேல் கையைப் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக அவன் நகம் சிவந்தது.

தம்பியைத் தின்கிறாள் என்று நான் கை ஓங்கினேனே, அந்தப் பிள்ளை. அந்த வலது பக்கத்துப் பிள்ளை. அவள் சூட்டில்தான் என் மகன் பிழைத்தான். அவளைப் பெறுமுன்னே கர்த்தர் என் கையைச் சுவரில் அடிக்க வைத்தாரே, அதற்கு நான் எத்தனை ஸ்தோத்திரம் சொன்னாலும் தீராது.

பிள்ளைகள் இன்று ஓடித் திரிகிறார்கள். அவன் இன்னும் அவளைவிட ஒரு பிடி குட்டைதான். தெருவில் அவனை யாராவது தொட்டால் அவள் கடித்துவிடுவாள், அப்பாவின் மகள். அந்த அப்பா உடைத்த கதவுக்குப் புதுக்கதவு அவரே செய்து போட்டார். மூக்குடைந்தவரிடம் போய் மன்னிப்புக் கேட்டார். சைக்கிளில் இன்னமும் தூக்குச்சட்டி தொங்குகிறது. கூடத்தில் யார் வாயும் வயிறுமாக இருந்தாலும் அவர்தான் சோறு கொண்டுபோகிறார். மாமியார்தான் கட்டிக்கொடுக்கிறார்கள்.

சகோதரிகளே, வயிற்றுப் பிள்ளையை நினைத்து நீங்கள் கலங்கிக்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சொன்னபடி கேளுங்கள், கர்த்தரிடம் கத்திக் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், நான் கத்தாத கத்தா? ஆனால் நீங்கள் பட்டினி கிடக்காதீர்கள். உங்கள் வீடு எது என்று மட்டும் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். இந்த வெள்ளிக்கிழமை என் முறை. என் பங்குச் சோறு உங்கள் வாசலுக்கு வரும்.