ஒருத்தர்கூடத் திரும்பவில்லை என்று சொன்னேன்

ஐம்பத்து நான்காம் வருஷம், ஆடி அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது இது. செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகிற வழியில், திருக்கழுக்குன்றம் தாண்டி, காற்றில் லேசாக உப்புக் கரிக்கத் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே எட்டாம் வகுப்பு வரைக்கும் இருந்த பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார்.

வாத்தியார் என்றதும் பெரிய படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எட்டாவது தேறி, டிரெயினிங் முடித்து வந்தவன், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகப் படித்துக்கொண்டது. சனிக்கிழமை ஆனால் சைக்கிளை மிதித்துக்கொண்டு செங்கல்பட்டுப் படிப்பகத்துக்குப் போய்விடுவேன். திரும்பும்போது டீக்கடை, ரயிலடி, வண்டிப்பேட்டை என்று எங்கே நாலு பேர் பேசினாலும் நின்று காதைக் கொடுப்பேன். யாராவது அழகாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். கேட்பதில் எவ்வளவு ஆசையோ, பேசுவதில் அதைவிட ஆசை. அந்த ஆசைதான் என்னைக் கவிழ்த்தது.

பாடப் புத்தகத்தில் இரண்டாவது உலக யுத்தத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது. எந்த வருஷம் ஆரம்பித்தது, யார் ஜெயித்தார்கள், முடிந்தது. எனக்கு அது போதவில்லை. ஜெர்மனியில் யூதர்கள் என்கிற ஒரு ஜனத்தையே பூண்டோடு அழிக்கத் திட்டம் போட்டதையும், வீடு வீடாகக் கணக்கெடுத்து, ரயிலில் ஏற்றிக்கொண்டுபோய், கைக்குழந்தை என்றும் பாராமல் கொன்றதையும் படிப்பகத்தில் ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். படித்த பிறகு நாலு நாள் சோறு இறங்கவில்லை. இது பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும் என்று தோன்றியது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எட்டாம் வகுப்பில் சொல்ல ஆரம்பித்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். வெயில். பின் வரிசையில் இரண்டு பேர் தூக்கத்தில் சாமியாடிக்கொண்டிருந்தார்கள். வேதக்காரப் பையன் ஒருவன் மட்டும் எழுந்து, “ஏசு சாமியைச் சிலுவையில அறைஞ்சாங்களே, அந்த யூதருங்களா சார்? அப்ப வேணும் அவங்களுக்கு” என்றான்.

“ஏசு சாமியும் அந்த ஜனம்தாண்டா” என்றேன்.

அவன் நம்பவில்லை. “எங்க உபதேசியாரைக் கேக்கறேன்” என்று உட்கார்ந்துவிட்டான். மற்றவர்களுக்கு ஜெர்மனி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. எங்கேயோ யாரோ யாரையோ கொன்றால் இவர்களுக்கு என்ன? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இவர்கள் கண்ணைத் திறக்க வைக்கிறேன் பார் என்று சயாமுக்குத் தாவினேன்.

மலேயாவில் ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்த நம் ஜனங்களை ஜப்பான் பட்டாளம், இப்போது தாய்லாந்து என்கிறோமே, அந்தச் சயாமில் ரயில் பாதை போட அழைத்துப் போனதையும், காட்டிலும் மழையிலும் காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்ததையும் சொன்னேன். “சரக்கு வண்டியில் அடைத்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை!” என்று மேஜையில் ஒரு குத்துக் குத்தினேன்.

தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். எனக்கு அப்படி ஒரு திருப்தி. மணி அடித்ததும், முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் நோட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் போனாள். அதை நான் கவனித்தேன். ஆனால் ஒன்றும் யோசிக்கவில்லை.

யோசித்திருக்க வேண்டும். அந்த வகுப்பில் இருந்த மூன்று பெண்களில் அவள் ஒருத்தி. அவள் அம்மா சவுக்குத் தோப்பில் கூலி வேலை செய்கிறவள். மூன்று வருஷத்துக்கு முன் மகளைச் சேர்க்க வந்தபோது நான் அப்பா பேர் கேட்டேன். எங்கள் பக்கத்தில் புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லமாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. ஓட்டர் பட்டியல் எழுத வந்தவனிடம்கூடப் பிள்ளைகளை விட்டுத்தான் சொல்ல வைப்பார்கள். அவளும் மகளை முழங்கையால் இடித்து, “சொல்லுடி” என்றாள். மகள் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். அப்பா என்ன வேலை என்றதற்கு, “மலேயாவில” என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. நாள் முழுக்கப் பேசுகிற நான், கேட்கவேண்டிய இடத்தில் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பெண் வரவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை காலையில் அவளுடைய பெரியப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். என்னைத் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிட்டார்.

“உங்களுக்குப் புண்ணியமா போச்சு வாத்தியாரே. எந் தம்பி ஜப்பான்காரன் சண்டைக்கு முந்தி மலேயா போனவன். சயாமுக்கு இட்டுகினு போனாங்கன்னு சண்டை முடிஞ்சி ஒருத்தன் வந்து சொன்னான். அதோட சரி. போய்ட்டான், காரியத்தைப் பண்ணுவோம்னு நாங்க சொல்லாத நாளில்ல. அவன் பொண்டாட்டி ஒத்துக்கவே மாட்டேன்றா. தாலியும் பொட்டுமா கீறா. இப்ப நீங்க சொன்னதா பொண்ணு வந்து சொல்லவும் வாயடைச்சிப் போய்ட்டா. வர அமாவாசைக்கு மகாபலிபுரம் கடல்ல வெச்சி முடிச்சிடறோம்.”

“அந்த அம்மா சம்மதிச்சாங்களா?” என்று கேட்டேன்.

“அவளை இன்னாத்துக்குக் கேக்கணும்? எம் பொண்ணுக்கு மூணு வருஷமா வரன் பாத்துகினு கீறேன். ஒண்ணும் கூடி வரல. தண்ணி வெக்காத ஆவி வூட்டைச் சுத்திகினு கீதுன்றாரு பூசாரி. செத்தவனை எத்தினி நாளைக்கு அலைய வுடறது, நீங்களே சொல்லுங்க.”

கெட்ட மனுஷன் இல்லை அவர். ஆனால் அவர் கையில் இருந்தது என் வார்த்தை. மேஜையைக் குத்திச் சொன்ன வார்த்தை. ஒரு பெண்ணின் தாலியை அறுக்க அதைத்தான் எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள்.

சாயங்காலம் அவரோடேயே அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து, அடுப்பெரிக்கிற சவுக்குச் சுள்ளியான மிலாறைக் கட்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்தாள், ஆனால் கையிலிருந்த கயிற்றை விடவில்லை.

“நீங்க கண்ணால பாத்தீங்களா, வாத்தியாரே?”

“இல்லம்மா. படிச்சேன்.”

“அந்தப் பொஸ்தகத்துல எங்கூட்டுக்காரர் பேரு கீதா?”

“இல்ல.”

“ஒருத்தர்கூட வரலன்னு போட்டு கீதா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் என் மானம் பிழைக்கும். பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நிறையப் பேர் செத்துப்போனாங்கன்னுதான் போட்டிருக்கு. கொஞ்சம் பேர் திரும்பி வந்திருக்காங்க. ஒருத்தர்கூட வரலைன்னு நானாத்தான் சொன்னேன்” என்றேன்.

“ஏன் அப்பிடிச் சொன்னீங்க?”

“பசங்க தூங்கிட்டிருந்தாங்க” என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பதில்களிலேயே கேவலமான பதில் அது. ஆனால் அதுதான் நிஜம். பெரியப்பா துண்டை உதறினார். “இன்னா வாத்தியாரே, இப்பிடி காலை வாரி வுடறீங்க!” என்று கத்தினார். அந்த அம்மா கத்தவில்லை. கையிலிருந்த கயிற்றை மிலாறில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

“பொறக்கறது எதுவானாலும் படிக்க வைன்னு கடைசிக் கடுதாசில எழுதினாரு. அதுக்குத்தான் இவளை அனுப்பறேன். அதே பசங்களாண்ட இன்னொரு வாட்டி சொல்லுங்க. உள்ளதை மட்டும் சொல்லுங்க. நானும் வந்து கேக்கறேன்.”

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. மகளோடு வந்தாள். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்று வகுப்பு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். பெரியப்பாவும் பின்னாலேயே வந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

முதலில், அன்றைக்கு நான் சொன்னதில் ஒரு பொய் இருந்தது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். வாத்தியார் பொய் சொன்னாராம் என்று ஒருத்தன் சிரித்தான், பக்கத்திலிருந்தவன் அவனைக் கிள்ளினான். பிறகு ஜெர்மனியையும் சயாமையும் மறுபடி சொன்னேன், நிதானமாக. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னேன். மேஜையைத் தொடவே இல்லை. அதே மத்தியானம், அதே வெயில். ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை.

“ஏன் சார், காலரா வந்தவங்களுக்கு மருந்து குடுக்கலையா?” என்று வேதக்காரப் பையன் கேட்டான்.

“செத்தா இன்னொரு தோட்டத்திலேருந்து வேற ஆள் புடிச்சிக்கலாம்னு விட்டாங்கடா” என்றேன். அவன் நின்றுகொண்டே இருந்தான், உட்காரவில்லை.

அப்போது அந்தப் பெண் எழுந்து, “எங்கப்பா பேரை போர்டுல எழுதுங்க சார்” என்றாள். ரிஜிஸ்டரில் இருக்கிற பேர்தான், எனக்குத் தெரியும். சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுப் பக்கம் திரும்பினேன். முதல் எழுத்தைக்கூட இன்னும் போடவில்லை. என் முதுகுக்குப் பின்னால் வாசற்படியிலிருந்து ஒரு குரல் அந்தப் பேரைச் சொன்னது. அவருடைய அப்பா பேரைச் சேர்த்து, ஊர்ப் பேரைச் சேர்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது.

அந்தப் பிள்ளைகளில் யாருமே தங்கள் அம்மா வாயால் அப்பா பேரைக் கேட்டவர்கள் இல்லை. குறைவதற்கு இனி அவனுக்கு ஆயுசு இல்லை என்று ஒப்புக்கொண்டால்தான் ஒரு பெண்டாட்டி அப்படிச் சொல்வாள் என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே மரத்தடியில் பெரியப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு விம்மினார். வருஷக்கணக்காகத் தம்பி போய்விட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் அதைக் கேட்டார் போலிருக்கிறது.

“எழுதுங்க வாத்தியாரே” என்றாள். எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது.

மணி அடித்து வெளியே வந்ததும் பெரியப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “அப்ப, அமாவாசைக்கு…” என்று ஆரம்பித்தார்.

“பேரைச் சொன்னேன். மத்ததுக்கு நாளு நான் சொல்றேன்” என்றாள் அவள். அவர் தலையாட்டினார்.

ஆடி அமாவாசை போயிற்று. இன்னும் நாலைந்து அமாவாசை போயிற்று. தை மாதம் ஒரு காலையில் தலையில் மிலாறுக் கட்டோடு எதிரே வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. நான் சைக்கிளை விட்டு இறங்கி நின்றேன். “நானும் பொண்ணும் மட்டும் கடலுக்குப் போய்ட்டு வந்தோம், வாத்தியாரே” என்று சொல்லிவிட்டுக் கட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். அவள் மகள் அந்த வருஷம் எட்டாவது தேறினாள்.

அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. ஒரு வீட்டார் அத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்த பேர் அது. ஆனால் ஓய்வு பெறும் வரைக்கும், யுத்தத்தைப் பாடம் நடத்திய ஒவ்வொரு வருஷமும் அதைத்தான் முதலில் போர்டில் எழுதினேன். இன்றைக்கும் எதையாவது கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்ல நாக்கு துறுதுறுக்கும்போதெல்லாம், வாசற்படியில் அந்த அம்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றும், உள்ளதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.