நியூட்டுக்குத் துணை தேடிய கதை

வண்ணமீன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மீன் வாங்க வருவதில்லை, "இத அதோட விடலாமாண்ணே?" என்று கேட்கத்தான் வருகிறார்கள். இதே தொழிலில் கிடந்து அவதிப்படும் உங்களுக்குத் தெரியும், தப்பாகப் பதில் சொல்லிவிட்டால் சாயங்காலமே போன் வந்துவிடும். ராஜபாளையத்தில் நான் கடை வைத்த இத்தனை வருஷத்தில் என்னை அதிகம் நடுங்க வைத்தது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டெல்லா சிஸ்டர் வீட்டில் இருந்த ரெண்டு நியூட்.

நியூட் பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும். தவளைக்குச் சொந்தம். தண்ணீரில்தான் கிடக்கும். முதுகு கறுப்பு, வயிறு நெருப்புச் சிவப்பு. ஸ்டெல்லா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருடைய தம்பி ஜெபராஜ் கப்பல் வேலைக்குப் போகும்போது இந்த ரெண்டையும் அக்கா கையில் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தான்.

காணாமல் போன விரல்கள்

"ரெண்டும் பேசாம கிடக்குண்ணே, துணைக்கு ஏதாவது குடுங்க" என்று சிஸ்டர் கேட்டார். நியூட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், தங்கமீனுக்கும் அதுதான் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு ரெண்டு தங்கமீன் கொடுத்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், ஒரு நியூட்டின் முன்னங்காலில் மூன்று விரல் இல்லை. புழு என்று நினைத்துத் தங்கமீன் கடித்திருக்கிறது.

மீன் ரெண்டையும் உடனே பிடித்து வெளியே எடுத்தேன். "பயப்படாதீங்க சிஸ்டர், நியூட்டுக்கு விரல் திரும்ப முளைக்கும்" என்றேன். பின்னால் முளைக்கவும் செய்தது. ஆனால் அன்று அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"அண்ணே, விரல் போன ஆளுகள நான் ஆஸ்பத்திரியில எம்புட்டோ பாத்திருக்கேன். ஒருத்தருக்கும் முளைக்கல."

சித்தப்பா கொண்டு வந்த விரால்

மம்சாபுரத்தில் இருந்து வந்த சிஸ்டரின் சித்தப்பா, கண்மாயில் பிடித்த விரால் குஞ்சு ஒன்றை, மத்தியானக் குழம்புக்கு ஆகும் என்று அந்தத் தொட்டியில் போட்டு வைத்திருக்கிறார். அது நியூட்டைக் கவ்வித் துப்பியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் விரால் வயிறு மேலே தெரிய மிதந்தது. இதைச் சொல்லத்தான் சிஸ்டர் போன் செய்தார். நியூட்டுக்கு வாலில் மட்டும் காயம்.

"செத்த மீன் எங்க?" என்றேன்.

"சித்தப்பா அடுப்படியில அரிஞ்சிட்டு இருக்காவ."

நியூட்டின் தோலில் விஷம் உண்டு. "திங்க வேண்டாம்! சட்டியக் கீழ கொட்டுங்க! கையச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க!" என்று கடையில் நின்று கத்தினேன். வந்திருந்த ரெண்டு வாடிக்கையாளர்கள் நைசாக வெளியே போய்விட்டார்கள். கடைசியில் சித்தப்பாவே போனை வாங்கினார்.

"ஏலே, பல்லியக் கடிச்சு விரால் செத்துச்சுன்னு சொன்னா மம்சாபுரத்துல எவன் நம்புவான்?"

மூடி

இது என் தப்பு. தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டு மூடியைச் சரியாக அழுத்தாமல் வந்துவிட்டேன். கடைக்கு வந்து சேர்வதற்குள் போன். ஒரு நியூட்டைக் காணோம், சிஸ்டரின் ரெண்டு வயது மகள் ஜெனி கட்டிலுக்கு அடியில் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள், கை வாய்ப்பக்கம் போயிருக்கிறது.

நான் போவதற்குள் பிள்ளையின் கையில் இருந்த நியூட்டைப் பிடுங்கித் தொட்டியில் விட்டு, கையையும் வாயையும் கழுவி, சிஸ்டர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். "எந்தப் பிராணி?" என்று டாக்டர் கேட்க, பின்னாலேயே போய்ச் சேர்ந்த நான் என் போனில் இருந்த நியூட் படத்தைக் காட்டினேன். வாந்தி வருதா, மயங்குதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். ரெண்டு மணி நேரம். சிஸ்டர் பிள்ளையின் நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஜெனி கொட்டாவி விட்டாள், பிஸ்கட் கேட்டாள், என் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். வெளியே வரும்போதுதான் சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"உங்களத் திட்டணும்னு வார்த்தையெல்லாம் சேத்து வச்சிருந்தேண்ணே. பிள்ள சிரிக்கவும் எல்லாம் மறந்து போச்சு."

தம்பி வந்த நாள்

அதன்பிறகு அந்தத் தொட்டியில் வேறு எதையும் விடவில்லை. ஒரு நியூட்டுக்கு இன்னொரு நியூட், அவ்வளவுதான். ஜெபராஜ் லீவில் வந்ததும் சிஸ்டர் என்னையும் வரச் சொன்னார். தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன கேட்பானோ, எதைச் சொல்வது, எதை விடுவது என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மெல்ல எழுந்து என் பக்கம் திரும்பினான்.

"பாவம், ரெண்டும் தனியா ஏங்கிப் போச்சு போல. துணைக்கு நாலு மீன் குடுங்கண்ணே."

விற்ற மீன்களைவிட, தர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிய மீன்களால்தான் இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் என் கடையைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.