விரக்கடை அண்ணன் போட்ட ஸ்டேஜ்

எங்கள் பட்டறையில் டிங்கர் வேலை பார்க்கும் அண்ணனை எல்லோரும் விரக்கடை என்றுதான் கூப்பிடுவோம். அடிபட்டு வரும் வண்டியின் நசுங்கலில் விரலை வைத்துப் பார்த்து, மூன்று விரக்கடை, நான்கு விரக்கடை என்பார். டேப் பிடித்து அளந்தால் அவர் சொன்னதுதான் இருக்கும். அவர் தட்டி நிமிர்த்திய தகரத்தில் பெயிண்ட் அடிப்பது என் வேலை. நல்ல மனுஷன்தான், வாய் மட்டும் நீளம். 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அண்ணிக்கு வயிற்றில் ஆரம்பித்த வலி முதுகு வரை போனது. வாயுக்கோளாறு என்றார் இவர். சாப்பாடு இறங்காமல் அண்ணி இளைத்துக்கொண்டே போனார். கண்ணும் மஞ்சளாகிப் போன பிறகுதான் பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி மாதிரி தெரிகிறது, இரண்டு சென்டிமீட்டர் இருக்கும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார் அந்த டாக்டர். இவர் காதில் விழுந்தது இரண்டு சென்டிமீட்டர் மட்டும்.

மறுநாள் பட்டறைக்கு வந்து கட்டைவிரல் நுனியைக் காட்டினார். "இவ்ளோதான்டா. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். வெட்டி எடுத்துட்டா முடிஞ்சுது."

ஸ்டேஜ் என்ற வார்த்தையை எந்த டாக்டரும் அதுவரை வாயில் எடுக்கவில்லை. இவராகவே போட்டுக்கொண்டார். நாங்களும் நம்பித் தொலைத்தோம்.

அண்ணியின் அக்காவுக்கும் இவருக்கும் என்றைக்குமே ஆகாது. அந்த அம்மா வேலைக்கு லீவு போட்டு, துணிமணியைப் பையில் அடைத்துக் கிளம்பத் தயாராக இருந்தார். கூடப் பிறந்தவள் பக்கத்தில் இருந்தால் தெம்பாக இருக்கும் என்று அண்ணியும் வழி பார்த்துக்கொண்டிருந்தார். இவர் போன் போட்டு, சின்ன விஷயத்துக்கு ஊரைக் கூட்ட வேண்டாம், நீங்கள் வந்து அழுதால் அவள்தான் பயப்படுவாள், இது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், ஆபரேஷன் தேதி தெரிந்ததும் சொல்கிறேன் என்று தடுத்துவிட்டார். வரட்டுமே என்று அண்ணி ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். ரிசல்ட் சொல்லும் நாளில் நான்தான் வண்டி ஓட்டிப் போனேன். அண்ணியோடு என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனார் அண்ணன்.

அந்த டாக்டரம்மா பொறுமைசாலி. கேன்சர்தான் என்று சொல்லிவிட்டு, ஒரு தாளில் படம் போட்டே காட்டினார். வயிற்றுக்குப் பின்னால் கணையம், அதை ஒட்டினாற்போல் பெரிய ரத்தக்குழாய்கள். கட்டி கணையத்துக்குள்ளேயே நிற்கிறதா, பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்கிறதா, பெரிய குழாயைப் பிடித்திருக்கிறதா, கல்லீரல், நுரையீரல் என்று தூரமாகப் பரவியிருக்கிறதா என்று எல்லாம் பார்த்துத்தான் ஸ்டேஜ் சொல்வார்களாம். தூரமாகப் போயிருந்தால் நான்கு. அண்ணிக்கு அப்படிப் போகவில்லை. ஆனால் குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான குழாயைக் கட்டி சுற்றி வளைத்திருந்தது. அதனால் மூன்று. இப்போது வெட்டி எடுக்க வழியில்லை. முதலில் மஞ்சள் இறங்க, பித்தம் வடிய ஒரு குழாய் வைத்து, பிறகு சில மாதம் கீமோ கொடுத்து, மறுபடி ஸ்கேன் பார்க்க வேண்டும். கட்டி விலகினால் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார்.

"ரெண்டு சென்டிமீட்டர்தானே மேடம்?" அண்ணன் கட்டைவிரலை நீட்டினார்.

"எவ்ளோ பெருசுன்னு மட்டும் பார்க்கக் கூடாதுங்க. எதைப் பிடிச்சிருக்குன்னு பார்க்கணும்."

சின்ன அடிதான் என்று வண்டியைக் கொண்டு வருகிறவர்களை இவர் எத்தனை முறை காய்ச்சி எடுத்திருக்கிறார்! கதவில் பெரிய பள்ளம் விழுந்தால் கதவை மாற்றிவிடலாம், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், அந்த சேசிஸ் கொஞ்சம் கோணினாலும் வண்டி தேறாது என்று அவர்தானே பாடம் எடுப்பார். பட்டறையில் இருந்த புத்தி வீட்டில் எங்கே போனது? அவரைப் பார்த்தேன். நீட்டிய விரலை மற்ற கையால் மூடி மறைத்துக்கொண்டு கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தவர் தலை நிமிரவே இல்லை. அண்ணிதான் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். டாக்டர் சொன்னதை எல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டு, "முதல்ல பார்த்த டாக்டர் தப்பா சொல்லிட்டாருக்கா. இவரை ஒண்ணும் சொல்லிடாத" என்றார்.

மஞ்சள் பூத்த கண்ணோடு, புருஷன் மானம் போகக் கூடாது என்று பொய் சொல்கிறார். அதை அப்படியே விட்டுவிட்டால் தேவலை என்று எனக்கே தோன்றியது. அண்ணன் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"டாக்டர் யாரும் சொல்லலக்கா. ஸ்டேஜ் போட்டது நான்தான். உங்களை வர விடாம பண்ணதும் நான்தான்."

அந்த அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது. "இப்ப எத்தனைங்கறாங்க?"

"மூணு."

"நாளைக்கு வர்றேன். அவளை நான் பாத்துக்கறேன். நீங்க என் கண்ணுல படாதீங்க."

"சரிங்கக்கா" என்றார்.

சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றுகிறார். அந்த அம்மா வந்ததிலிருந்து அண்ணனுக்குப் பட்டறையில்தான் படுக்கை. கீமோ நாளில் மட்டும் ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கிறார். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிற அண்ணி, படியில் ஒரு நிமிஷம் நின்று திரும்புகிறார். சாப்பிட்டீங்களா என்று அவரைச் சைகையில் கேட்கிறார்.